இலைக்கு வாங்க, கொப்புக்கு வராதீங்க

மாமி எதையும் வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துத் தந்து நான் பார்த்ததில்லை. கேட்டுக்கு மேலால்தான் தருவார். அந்த இரும்புக் கேட் அவருடைய நெஞ்சளவு உயரம். உள்ளே நின்றபடி கையைத் தூக்கி, இலைக்கட்டை ஒழுங்கையில் போகிறவர்களுக்குக் காட்டி, அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருப்பார். வாங்க வந்தவர் அண்ணாந்து கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பள்ளிக்குத் தொழப் போகிறவர்கள், சைக்கிளில் பாண் விற்கிறவர், குழாயடியில் நிற்கிற பெண்கள் என்று நாலு பேர் பார்த்த பிறகுதான் கட்டு கைமாறும். அதோடும் முடியாது. நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து குரல் வரும்.

"போன கிழமை தந்தது முடிஞ்சிட்டா புள்ள?"

அது கேள்வி இல்லை. ஊருக்கு விடுகிற அறிவித்தல். பதிலுக்கு மாமி நின்றதும் கிடையாது.

மாமி மவுத்தாகி ஒரு நோன்பு கடந்துவிட்டது. மவுத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நானும் பேசத்தான் பார்க்கிறேன். ஆனால் நல்லது ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்துவிடுகிறது. மாமியின் விஷயத்தில் இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. எதிர் வளவு, அவ்வளவுதான். மதுரங்குளிச் சந்தியிலிருந்து கனமூலைப் பக்கம் போகும் வழியில் எங்கள் ஒழுங்கை. ஒரு பக்கம் ஊர்க்காரர்களின் பழைய வளவுகள், தென்னையும் கிணறுமாக. மறுபக்கம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் வீடுகள். முதலில் கிடுகுக் கொட்டில்களாக இருந்து, பிறகு கல்வீடுகளானவை. எங்கள் வீடு அதில் ஒன்று. மாமியின் கேட்டும் எங்கள் கேட்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றன.

மாமி தந்த இலை இலைக்கோவா. கோவா, அதாவது முட்டைக்கோசின் இனம்தான், ஆனால் உருண்டையாக மூடாது. நடுத்தண்டைச் சுற்றி ஒவ்வொரு இலையாக விரிந்துகொண்டே போகும். விளிம்பு சுருண்டு, முகம் கரும்பச்சையாக இருக்கும். மலைநாட்டுக் குளிருக்குப் பழகிய செடி. மாமியின் ஒரே மகன் கட்டாருக்குப் போகும் முன் கூட்டாளிகளோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய், உம்மாவுக்கு என்று சில நாற்றுகள் வாங்கி வந்தான். இந்த மணலிலும் வெயிலிலும் இது பிடிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே நாற்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. ஒன்று மட்டும் நின்றது.

அந்த ஒன்றை மாமி பராமரித்ததைப்போல வேறெந்தச் செடியையும் யாரும் பராமரித்து நான் பார்த்ததில்லை. மணலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, ஈரம் நிற்கட்டும் என்று அடியில் தேங்காய்ப் பொச்சைப் பரவினார். களப்பில் ஒதுங்கும் பாசியை அள்ளி வந்து, உப்புப் போகும் மட்டும் அலசி, ஆட்டுப் புழுக்கையோடு சேர்த்துப் போட்டார். மேலே கிடுகுப் பந்தல். உடப்பிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வரும் ஐயாவிடம் மீன் கழுவிய தண்ணீரும் செதிலும் கேட்டு வாங்கி ஊற்றினார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். அதனால் கூரையில் விழும் மழைத்தண்ணீரை நீல பீப்பாய்களில் சேர்த்து வைத்து, செடிக்கு மட்டும் அந்தத் தண்ணீர். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு ஒவ்வொரு இலையாகப் புரட்டி, வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டைகளை விரலால் வழித்தெடுப்பார். மிச்சத்துக்கு அடுப்புச் சாம்பல் தூவுவார். அந்த விரல்களில் இருந்த பொறுமையில் கொஞ்சம் நாக்குக்கும் கிடைத்திருந்தால் இதை நான் எழுதவே தேவையில்லை.

இந்தச் சூட்டில் இலைக்கோவா பூக்காது. பூக்காததால் விதையும் இல்லை. தண்டில் இலை முளைத்த இடங்களில் பக்கக் கொப்புகள் வரும். அதில் ஒன்றை ஒடித்து ஈர மணலில் ஊன்றி, நிழலில் சட்டியால் மூடி வைத்தால் வேர் விடும். அப்படித்தான் மாமி ஒரு செடியை ஒரு வரிசையாக்கினார். ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை. யாருக்காவது செடி வேண்டுமென்றால் மாமியின் கையால்தான் வர வேண்டும். அது மாமிக்கு நன்றாகத் தெரியும்.

"இலைக்கு எப்ப வேணும்னாலும் வாங்க. கொப்புக்கு மட்டும் வராதீங்க" என்பார்.

கொப்பை ஒடித்தால் தாய்ச்செடி பட்டுப்போய்விடும் என்று காரணம் சொல்வார். ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் தனக்காக ஒடித்து ஊன்றுவதை ஒழுங்கையே பார்த்திருக்கிறது. செடிக்குப் பாரமென்று களைந்த கொப்புகளைக் குப்பைக் கிடங்கில் போடும் முன் கத்தியால் பொடிப்பொடியாக வெட்டிப் போடுவார். முழுதாகப் போட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் நட்டுவிடுவார்கள் என்ற பயம்.

மாமி கொடுத்தது பொய்யில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். உம்மாவின் குடும்பம் கையில் ஒரு பையோடு வந்து பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இறங்கிய நாளில், இளம்பெண்ணாக இருந்த மாமி இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார். உம்மா அப்போது சின்னப் பிள்ளை. வழியெல்லாம் அழுது தொண்டை கட்டிப்போயிருந்த உம்மாவின் வாயில் மாமிதான் முதல் தண்ணீர் ஊற்றினாராம். இதைச் சொல்லும்போது உம்மாவின் கண் கலங்கும். மாமியும் இதைச் சொல்வார். மாமி சொல்லும்போது வருடத்துக்கு வருடம் குடங்கள் கூடின. கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த சனம் முழுவதுக்கும் மாமி ஒருவரே தண்ணீர் சுமந்ததாக ஆகிவிட்டது. அவருடைய இடுப்பு வலிக்கும் அதுதான் காரணமாம். எங்கள் பக்கத்து வீடுகளில் யாராவது மோட்டார் சைக்கிள் எடுத்தால், மேல்தட்டுக் கட்டினால், கேட்டில் நின்று மாமி அந்தக் குடக்கதையை ஒருமுறை எடுப்பார்.

ஒரு ஜும்ஆ நாளில் மௌலவி, கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அந்தத் தருமத்தின் நன்மை அழிந்துபோகும் என்று பயான் செய்தார். ஒலிபெருக்கியில் ஒழுங்கை முழுவதும் கேட்டது. இன்றைக்கு மாமிக்கு உறைத்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் உள்ளூர சந்தோஷப்பட்டோம். பின்னேரம் மாமி கேட்டடிக்கு வந்தார்.

"கேட்டீங்களா பயான? காசுக்காரங்கள நல்லாக் கழுவி விட்டாரு மௌலவி. ஒரு கிலோ சீனி குடுக்கிறது, அதுக்கு நாலு போட்டோ. நான் எவ்வளவு காலமா இலை குடுக்கன், ஒருத்தருக்கிட்டயாவது சொல்லியிரிக்கனா?"

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடியதை நான் பார்த்தேன்.

இன்னொரு முறை, ஒழுங்கையில் வயதான ஒருவர் மவுத்தான வீட்டில், மையித்தைச் சுற்றிப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தபோது மாமி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். மாமியின் மெதுவான குரல் முற்றத்துக்கும் கேட்கும். "இந்த மனுஷனுக்குச் சீனி வருத்தம் இறங்கினதே என்ட இலையத் திண்டுதான்." சீனி இறங்கிய மனுஷர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவருடைய மகள் அழுகையை நிறுத்திவிட்டு மாமியைப் பார்த்தார். மாமி நன்றியை எதிர்பார்த்து அவரைத் திரும்பிப் பார்த்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. கேஸ் வரிசையும் பெற்றோல் வரிசையும் வந்த வருடம் சிரிப்பு நின்றது. வாப்பா இல்லாத வீடு எங்களுடையது. உம்மா இடியப்பம் அவித்து மதுரங்குளியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துவந்தார். கேஸ் இல்லாமல் போனது. மாவின் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. கடையும் மூடப்பட்டது. அந்த மாதங்களில் எங்கள் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தது மாமியின் இலைக்கோவாதான். ஒருநாள் தேங்காய்ப்பூப் போட்ட சுண்டல். தேங்காய் இல்லாத நாளில் வெறும் உப்பில் வதக்கியது. கஞ்சியில் நறுக்கிப் போட்டது இன்னொரு நாள். உம்மா ஒரு கிழமைக்கு இரண்டு தரம் அந்தக் கேட்டடியில் அண்ணாந்து நின்றார்.

உம்மாவுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரே ஒரு கொப்பு. ஒரு கொப்பு வேர்விட்டால் அந்தக் கேட்டடிக்குப் போகாமல் இருக்கலாம். உம்மா ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார்.

"ராத்தா, ஒரு கொப்பு தந்தா நானும் நட்டுக்குவன். ஒங்களுக்கும் கரைச்சல் இல்ல."

"எனக்கு என்ன கரைச்சல் தங்கச்சி? நீங்க வாங்க, நான் தாறன். நான் எப்பவாவது இல்லயெண்டு சொல்லியிரிக்கனா?"

சொல்லவில்லைதான். இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அன்று வழக்கத்தைவிடப் பெரிய கட்டாகத் தந்தார். அதை உம்மா வீட்டுக்குக் கொண்டு வந்து அடுப்படித் தரையில் போட்டார்.

அடுத்த வருடம் என் தங்கை ரிஸ்னாவுக்குக் கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எனக்குக் கலியாணமாகி நான் குருநாகலில் இருந்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வந்திருந்தேன். மாப்பிள்ளையின் தாயும் இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். ரிஸ்னாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்கள். எங்களுக்கு இந்த ஊரில் மூத்தவர்கள் இல்லை, ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று உம்மாதான் மாமியைக் கூப்பிட்டார். கூப்பிட்டது உம்மா என்பதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, உம்மாவும் மறக்கவில்லை.

மாமி நல்ல சாரி கட்டி, அத்தர் பூசிக்கொண்டு வந்தார். தேத்தண்ணி வந்தது. மாப்பிள்ளையின் தாய், பிள்ளை எப்படி என்று சம்பிரதாயத்துக்கு மாமியிடம் கேட்டார்.

"தங்கமான புள்ள. குறை சொல்ல ஏலா. நம்மட இலையில வளந்த புள்ளதான். இந்த வீட்டுல அடுப்பெரியாத நாள்ல கேட்டடிக்கு வந்து நிக்கும், நான் ஒருநாளும் வெறுங்கையோட விட்டதில்ல. தொண்ணூறுலயிருந்து இவங்களப் பாக்கிறது நாங்கதானே."

மாமி அதைப் பெருமையாகச் சொன்னார். சத்தியமாகப் பெருமையாகத்தான் சொன்னார். ரிஸ்னாவுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று முகமெல்லாம் பூரிப்பு. மாப்பிள்ளையின் தாய் கோப்பையை மெதுவாக வைத்தார். பிறகும் கதைத்தார்கள், சிரித்தார்கள், போகும்போது ஸலாம் சொன்னார்கள். பதில் சில நாள் கழித்துத் தரகர் மூலம் வந்தது. அகதிக் குடும்பம் என்பதில் அவர்களுக்கு ஒன்றுமில்லையாம், ஆனால் ஊரில் வாங்கித் தின்ற வீடு என்று நாளைக்கு யாரும் பேசினால் மகனுக்குத் தலைகுனிவாம்.

எனக்கு மாமியின் கேட்டை இடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. ரிஸ்னா அழவில்லை. அன்றிலிருந்து இலைக்கோவாவைத் தொடவில்லை, அவ்வளவுதான். உம்மா கேட்டடிக்குப் போவதை நிறுத்தினார். மாமிக்குக் காரணம் விளங்கவே இல்லை. "என்ன தங்கச்சி, இலைக்கு ஆளக் காணல்ல?" என்று ஒழுங்கைக்குக் குறுக்கால் சத்தமாகக் கேட்பார். நாங்கள் வராதது அவரை உண்மையாகவே வாட்டியது. சாயந்தரமானால் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். உள்ளே அந்தப் பெரிய வீட்டில் வேறு யாரும் இல்லை. மகனின் குரல் போனில் மட்டும்.

நான் பிள்ளைப்பேற்றுக்காக உம்மா வீட்டில் இருந்தபோது மாமிக்கு உம்ராவுக்காக மக்கா போகும் பாக்கியம் வந்தது. மகன் டிக்கெட் அனுப்பியிருந்தான். உம்ராவுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். மனிதர்களுக்குச் செய்த குறையை மனிதர்கள்தான் மன்னித்து ஹலாலாக்க வேண்டும். அதைத் தீர்க்காமல் கஃபாவின் முன்னால் போய் நிற்கக் கூடாது. கேட்டால் மன்னிப்பதும் வழக்கம். போகிறவரின் முகத்தைப் பார்த்து யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

மாமி முதல்தடவையாக, யாரும் கூப்பிடாமலே எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பெரிய இலைக்கட்டு. மன்னிப்புக் கேட்க வரும்போதும் வெறுங்கையோடு வர அவரால் முடியவில்லை.

"தங்கச்சி, நாளைக்குப் போறன். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் கதைச்சிருந்தா மன்னிச்சி ஹலாலாக்கிக்கோங்க."

உம்மா கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ராத்தா, ரிஸ்னாட கலியாணப் பேச்சுல நீங்க கதைச்சது எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது."

"அதையா இன்னும் வெச்சிக்கிட்டு இரிக்கிறீங்க?" மாமி உண்மையாகவே திகைத்துப்போனார். "நான் புள்ளயப் புகழ்ந்துதானே சொன்னன்! கஷ்டத்துல வளந்த புள்ள, எதையும் தாங்கும் எண்டு. அடுப்பெரியாத நாள்ல நான் தந்தது பொய்யா?"

அடுப்படி வாசலில் ரிஸ்னா நின்றாள். என் மடியில் குழந்தை. உம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பொய்யில்ல ராத்தா. ஹலாலாக்கிட்டன்" என்றார். பிறகு, "போறத்துக்கு முந்தி ஒரு கொப்பு தந்துட்டுப் போங்க. நீங்க வாற வரைக்கும் இங்கயும் ஒண்டு நிக்கட்டும்" என்றார்.

"வந்து பாப்பம்" என்று மாமி எழுந்தார்.

அவர் போன பிறகு உம்மா கட்டைப் பிரித்தார். பயண அவசரத்தில் மாமி கையால் ஒடிக்காமல் கத்தியால் அரிந்திருக்க வேண்டும். இலைகளுக்கு நடுவில் விரல் நீளத்தில் ஒரு பக்கக் கொப்பு கிடந்தது. உம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் இடியப்ப மா வாளி ஒன்றில் ஈர மணல் நிரப்பி, கொப்பை ஊன்றி, சட்டியால் மூடினார்.

மறுநாள் மாமி செடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துளையிட்ட போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துவிட்டு, கேட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்தால் கொப்பு போய்விடுமே. சாவி மாமியின் கைப்பையில் மக்காவுக்குப் போனது.

ஒரு மத்தியானம் மாமியின் வளவுக்குள் தழை நெரியும் சத்தம் கேட்டது. பின் வேலிக் கிடுகு கறையான் அரித்து உக்கிப்போயிருந்தது. ஒழுங்கையில் திரியும் ஆடுகள் அந்த வழியால் உள்ளே புகுந்திருந்தன. கேட்டுக் கம்பியால் எல்லாம் தெரிந்தது. முதலில் இலைகள், பிறகு குருத்து, பிறகு தண்டு. குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். பக்கத்து வளவில் விறகு கொத்திக்கொண்டிருந்தவர் மதிலால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கொத்தத் தொடங்கினார். ஒரு கல்லை எறிந்திருந்தால் போதும். பின்வேலியால் சுற்றிப் போக இரண்டு நிமிஷம் ஆகாது.

ரிஸ்னாதான் தடியை எடுத்துக்கொண்டு ஓடப்பார்த்தாள். அந்த இலையைத் தொடாத ரிஸ்னா. உம்மா அவள் கையைப் பிடித்தார்.

"இரு. பூட்டு போட்டுட்டுப் போயிரிக்கா. பூட்டின வளவுக்குள்ள நமக்கு என்ன வேல?"

"உம்மா, எல்லாத்தையும் திண்டு முடிச்சிரும்."

"இரு எண்டு சொன்னன்."

ஆடுகள் ஆறுதலாகத் தின்றன. அடுத்த நாளும் வந்தன. அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சின, அவையும் தண்ணீரில்லாமல் அந்த வெயிலில் காய்ந்தன.

மாமி ஸம்ஸம் தண்ணீரும் ஈச்சம்பழமுமாக வந்து இறங்கினார். பூட்டுகளைத் திறந்து உள்ளே போனவரின் சத்தம் ஒன்றும் வரவில்லை. கத்துவார், ஏசுவார் என்று ஒழுங்கையே காத்திருந்தது. பின்னேரம் வீடு வீடாக ஈச்சம்பழம் கொண்டு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி.

"ஆடு திண்ட சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல்லயா?"

எல்லா வீட்டிலும் ஒரே பதில். "கேட்டுல பூட்டு இரிக்கே மாமி."

மகனைக் கொண்டு சொல்வித்து நுவரெலியாவிலிருந்து திரும்பவும் நாற்று எடுப்பித்தார். குளிரில் பிறந்த புது நாற்றுகள், ஒரு கிழமை தாங்கவில்லை. முதல் செடி இத்தனை வருடமாக இந்த மண்ணுக்குப் பழகி வந்த வம்சம். அதில் ஒரு கொப்பையாவது யாருக்காவது கொடுத்திருந்தால் இன்று போய்க் கேட்டிருக்கலாம். மாமிக்கு அது உறைத்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டில் நிற்பது மட்டும் குறைந்தது. இலை இல்லாத கேட்டடிக்கு யார் வரப்போகிறார்கள்?

எங்கள் மா வாளியில் கொப்பு வேர்விட்டது. உம்மா அதை மாமி செய்ததைப்போலவே பார்த்தார். பாசி, சாம்பல், மழைத்தண்ணீர், சுபஹுக்குப் பிறகு முட்டை வழிப்பது, எல்லாம் எதிர்க் கேட்டிலிருந்து பார்த்துப் படித்தது. செடி இடுப்பளவு வளர்ந்ததும், அதுவரை பின்பக்கம் மறைத்து வைத்திருந்த வாளியை இழுத்து வந்து முன்கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வெயில் வேண்டும் என்றார். பின்பக்கம் இல்லாத வெயில் முன்பக்கம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் பிள்ளையோடு வந்திருந்தேன். மாமி ஒழுங்கையால் போனவர் செடியைக் கண்டு நின்றார். மெலிந்திருந்தார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது என்ட வளவுக் கோவா."

"ஓம் ராத்தா. நீங்க தந்த கட்டுலதான் வந்த."

"நான் கொப்பு தரல்லயே தங்கச்சி."

"தந்தீங்க. உம்ராவுக்குப் போக முந்தி, ஹலாலாக்கச் சொல்லித் தந்தீங்க. நானும் ஹலாலாக்கிட்டன். தந்தத இப்ப சொல்லிக்காட்டாதீங்க."

மாமி கேட்டுக் கம்பியை விடவில்லை. அவருடைய பார்வை தண்டின் பக்கவாட்டில் தளதளவென்று நின்ற கொப்புகளில் இருந்தது. பிறகு, அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"ஒரு கொப்பு தாங்க தங்கச்சி. நட்டுப் பாக்கன்."

ரிஸ்னா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "குடுங்க உம்மா. ஒரு கொப்புத்தானே" என்றாள். நெஞ்சில் காயம் பட்டவள் அவள்தான். அவள் சொன்னாள்.

உம்மா குனிந்து, முற்றிய அடியிலைகளில் சிலதைப் பார்த்து ஒடித்தார். வாழைநாரால் கட்டினார். கேட்டைத் திறக்கவில்லை. எங்கள் கேட்டும் நெஞ்சளவு உயரம்தான் என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். உம்மா கையைத் தூக்கி, கட்டை மேலே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இலைக்கு எப்ப வேணும்னாலும் வாங்க ராத்தா" என்றார். "கொப்புக்கு வராதீங்க."

எறிந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமி அண்ணாந்து கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குருநாகலுக்குத் திரும்பும் நாளில் வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. அப்போதும் மாமி எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். என்னைக் கண்டு சிரித்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். உம்மா கேட்டுக்கு மேலால் இலைக்கட்டைக் கொடுத்தார். மாமி அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் உம்மாவின் குரல் ஒழுங்கை முழுவதற்கும் கேட்டது.

"போன கிழமை தந்தது முடிஞ்சிட்டா ராத்தா?"

குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.